வலிக்காத ஈறு

— சத்தியமா சொல்றேன் டாக்டர், இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேணும்னா இந்த விளக்கு மேல கைய வச்சு...

— விளக்கைத் தொடாதீங்க, சுடும். சாஞ்சு உக்காருங்க. டோக்கன்ல வேற யார் பேரோ இருக்கு?

— சொந்தப் பேரச் சொன்னா வெளியில உக்காந்திருக்கிற பொண்ணு, டாக்டர் இல்லன்னு சொல்லிடுது. உள்ள உங்க குரல் கேக்குது, ஆனா டாக்டர் இல்லையாம். பெத்த அப்பனா வந்தா கதவு தெறக்க மாட்டேங்குது. அதான் நோயாளியா வந்திருக்கேன். நோயாளிய வெரட்டக் கூடாதுன்னு சொல்லித்தானே உங்களப் படிக்க வச்சாங்க?

— நோயாளின்னா நோயச் சொல்லுங்க. வேற பேச்சு வேண்டாம்.

— ஈறு டாக்டர். பல்லு தொலக்கினா ரத்தம். கொஞ்சநஞ்சம் இல்ல. தொட்டி நெறைஞ்சு, குழாய் வழியா கீழ்வீட்டுக்குப் போயி, அங்க இருக்கிறவர் மாடியில கொலை விழுந்துடுச்சுன்னு போலீசுக்குப் போன் பண்ணிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து என் பிரஷ்ஷப் பையில போட்டு சீல் வச்சு எடுத்துட்டுப் போனார்.

— தினமும் வருதா, எப்பவாவதா?

— இன்ஸ்பெக்டரா?

— ரத்தம்.

— தினமும்.

— வலி?

— துளிகூட இல்ல. அதான் நான் கண்டுக்கல.

— எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஆரம்பத்துல ஈறு வலிக்காது. வலிக்கலைன்னு யாரும் வர்றதில்ல. வலிக்கிறப்ப வந்தா, பல்லப் பிடிச்சிருக்கிற எலும்பு பாதி கரைஞ்சிருக்கும். வாயத் திறங்க, பாக்கலாம்.

— திறக்கிறேன். திறந்துட்டா பேச முடியாதே, அதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டுடுங்க.

— சரி. ஈறு என்ன நிறத்துல இருக்கு?

— பழுத்த தக்காளி. ஓரமெல்லாம் வீங்கி, பளபளன்னு. பல்லுங்க போர்வைய இழுத்துப் போத்திக்கிட்ட மாதிரி பாதி மறைஞ்சு கிடக்கு.

— வாய் நாத்தம் இருக்கா?

— அத ஏன் கேக்கறீங்க. பஸ்ல ஏறி, ‘ஒரு டிக்கெட் குடுங்க’ன்னேன். கண்டக்டர் இறங்கிட்டார். பின்னாலேயே டிரைவரும் இறங்கிட்டார். அப்புறம் நானேதான் வீடு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தேன். பாருங்க, சிரிக்கறீங்க.

— மாஸ்க் போட்டிருக்கேன். நான் சிரிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கண்ணுக்குப் போடலையே. உங்கம்மா கண்ணு அது. எதையும் மறைக்கத் தெரியாது.

— பல்லிடுக்குல சாப்பாடு மாட்டுதா?

— மாட்டுது. நேத்து குச்சி விட்டுக் கிண்டினேன், எப்பவோ தொலைஞ்ச சட்டைப் பொத்தான் வந்துச்சு. தச்சுப் போட்டுக்கிட்டேன், இதோ பாருங்க.

— பல்லு ஆடுதா?

— இன்னும் ஆடல.

— அப்ப ஆரம்பம்தான். இந்த நிலையில பாத்துட்டா ஈறு பழையபடி ஆயிடும். இங்க ஒரு தடவ சுத்தம் பண்ணணும். வீட்டுல ரெண்டு வேளையும் மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால தொலக்கணும். ரத்தம் வருதேன்னு பயந்து தொலக்கறத விட்டுடக் கூடாது. எப்ப முதல்ல பாத்தீங்க ரத்தத்த?

— நான் எங்க பாத்தேன்? உங்கம்மாதான் பாத்தா. பிரஷ்ஷ ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ‘என்னங்க இது செவந்து கிடக்கு, யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க’ன்னா...

— அம்மா போயி அஞ்சு வருஷம் ஆச்சு.

— ஆமா.

— அப்ப இது எந்தக் காலத்து ரத்தம்?

— நீ ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போன காலத்து ரத்தம். அவ பேச்ச அன்னைக்கே கேட்டிருக்கணும். சிரிச்சு மழுப்பிட்டேன்.

— உள்ள வந்ததும் சத்தியம் பண்ணீங்களே. உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கும் இதே மாதிரி ஒரு நாற்காலி. எனக்குக் கடைசிப் பரீட்சை, நோயாளிய உக்கார வச்சு வேலை செஞ்சு காட்டணும். நோயாளியா நீங்கதான் வந்து உக்காந்தீங்க. ‘ஆஸ்பத்திரில அம்மா எப்படி இருக்காங்க’ன்னு கேட்டேன்.

— ‘நிம்மதியாத் தூங்குறா’ன்னேன்.

— ‘சத்தியமா?’ன்னேன்.

— ‘சத்தியமா’ன்னேன்.

— விடியறதுக்குள்ள போயிருந்தாங்க. அது தெரியாம உங்க வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு நான் நிக்கிறேன். உங்க கண்ணுல தண்ணி வழியுது. என் கை முரட்டுத்தனமா பட்டுடுச்சோன்னு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ‘வலிக்குதா?’ன்னு கேக்கறேன்.

— வலிக்கலன்னு தலையாட்டினேன்.

— சாயங்காலம் வந்து அம்மா கையத் தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. காலையிலேயே சொல்லியிருந்தா அந்தக் கை கொஞ்சம் சூடாவாவது கிடைச்சிருக்கும் எனக்கு.

— அவதாம்மா சத்தியம் வாங்கினா. ராத்திரி என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘எனக்கு என்ன ஆனாலும், பரீட்சை முடியற வரைக்கும் அவகிட்ட வாயத் திறக்கக் கூடாது’ன்னா. விடிஞ்சதும் நீ ‘வாயத் திறங்க’ன்ன. ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். நான் விட்ட கதைக்குக் கணக்கே இல்ல. காப்பாத்தின சத்தியம் அது ஒண்ணுதான்.

— இத ஏன் இத்தனை நாளாச் சொல்லல?

— சொன்னா அவ மேலயும் கோவிச்சுக்குவே. செத்தவ மேல கோவம் வந்தா எங்க போயி தீர்த்துக்குவே? என் மேல மட்டும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

— இதுவும் கதையா?

— எப்படி வேணும்னாலும் வச்சுக்கோ. ‘வலிக்குதா, ஆடுதா’ன்னு இவ்வளவு நேரம் என்னைக் கேட்டியே, அது போதும். நான் கிளம்பறேன் டாக்டர். வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்காங்க.

— உக்காருங்க. நீங்க சொன்ன நோய் ஒண்ணுகூட உங்களுக்குக் கிடையாதுன்னு ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

— வாயவே திறக்கலையே, எப்படித் தெரியும்?

— உங்க வாயில சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்லப்பா. மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாமே அன்னைக்குப் பரீட்சையில நான் கட்டினது.