அடுப்புக்கு வச்ச சருகு

– யோவ், மூலையில அம்பாரமா வச்சிருந்த சவுக்குச் சருகு எங்கய்யா?

– எந்தச் சருகு?

– எந்தச் சருகா... தோப்புல இடுப்பு ஒடிய வாரிகினு வந்தேனே, அது. அடுப்பு எரிக்க வச்சது.

– காத்துல போயிருக்கும், செங்கம்மா. கடலுக் காத்து இன்னா கொறச்சலாவா அடிக்குது...

– காத்து கூடையையும் எடுத்துகினு போச்சா?

– கூடை கொல்லையில கீது.

– மிளகாக் கொல்லையில கூடைக்கு இன்னா வேலை?

– கத்தாத, சொல்றேன்... சருகை வாரிகினு போயி செடிக்குக் கீழ பரப்பிட்டேன்.

– அடுப்புக்கு வச்சதையா?

– பாதி உனக்கு வச்சிட்டுத் தான்மே எடுத்தேன்.

– பாதியா? போயி பாரு. பெருக்கித் தள்ளினாப்ல கீது. சோத்தை எதுல ஆக்குறது, உன் தலையிலயா?

– இன்னிக்கி ஒரு நாளு கூழு குடிச்சிக்கலாம்...

– கூழு மட்டும் தானா வெந்துக்குமா? நாளைக்கி காத்தால என் தம்பி துரை வண்டி எடுத்துகினு வர்றான்யா. புதுப்பட்டினத்துல வூடு பாத்து, கல்பாக்கத்துல உனக்குச் சிமிட்டிக் கலவை போடற வேலையும் சொல்லி வச்சிருக்கான். ஊரை வுட்டுப் போற நேரத்துல செடிக்குப் போர்வை போத்திட்டு வந்து நிக்கிற.

– போறதுன்னு முடிவு பண்ணது நீ.

– வானம் முடிவு பண்ணிச்சி. போன வருசமும் மழை இல்ல, இந்த வருசமும் இல்ல. ஊத்துக்குழில ஒரு கொடம் மொண்டா, அடுத்த கொடம் ஊற்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது. அதையும் கொண்டாந்து ஊத்தினா, திரும்பிப் பாக்கறதுக்குள்ள மணலு குடிச்சிடுது.

– அதான்மே விசயம். குடிக்கிறது மணலு மட்டும் இல்ல, வெயிலும் தான்.

– யாரு சொன்னா உனக்கு?

– நீ தான்.

– நானா?

– அன்னிக்கி பக்கத்து ஆபிரகாமண்ணன் வூட்டு மாடு முட்ட வந்திச்சே... சருகுக் கூடையைக் கொல்லையிலயே போட்டுட்டு ஓடினியே...

– சிரிக்காத.

– கொட்டின சருகை நீ திரும்பி வந்து அள்ளவே இல்ல. சுத்தி கீற செடியெல்லாம் தலை தொங்கிடிச்சி. அந்த எடத்துல மட்டும் நிமுந்து நிக்குது. விலக்கிட்டுக் கைய வுட்டுப் பாத்தேன். மேல காலு வைக்க முடியாத அனலு, கீழ ஜில்லுனு கீதுமே.

– கறையான் வரும்.

– வந்தா காஞ்ச சருகைத் தின்னட்டும். தண்டுல ஒட்டாம தள்ளித்தான் போட்டுகீறேன்.

– ஆபிரகாமண்ணன் பாத்தா சிரிப்பாரு.

– சிரிச்சிட்டாரு. ‘இன்னா மாயவா, மெத்தை போட்டுட்ட, தலகாணி எப்ப’ன்னு கேட்டாரு. கேக்கட்டும்... செங்கம்மா, எங்கப்பன் காலம் பூரா இன்னொருத்தன் நெலத்துல குனிஞ்சே செத்தாரு. நம்ம பேருக்குன்னு வந்தது இந்தத் துண்டு தான். அதையும் போட்டுட்டுப் போவ எனக்கு மனசு வர்லமே.

– சரி, நட.

– எங்க?

– கொல்லைக்கி. கூடையை எடுக்க வோணாவா?

– தோ, வா... பாத்து வா, வழியெல்லாம் முள்ளு கெடக்குது.

– முள்ளு எனக்குப் புதுசா?

– இந்த வரிசைல கைய வையி. சருகுக்குக் கீழ... இன்னும் உள்ள.

– உம்.

– ஜில்லுனு இல்ல?

– கீது.

– எத்தினி பூ பாரு. இங்க பிஞ்சு கூட... இரு. இன்னாமே இது?

– எது?

– நான் நாலு வரிசை தான் போட்டேன். வேலியோரம் வரைக்கும் மூடிக் கெடக்குது.

– காத்துல வந்திருக்கும். கடலுக் காத்து இன்னா கொறச்சலாவா அடிக்குது...

– செங்கம்மா.

– உம்.

– நேத்து நான் அச்சரப்பாக்கம் சந்தைக்குப் போயிருந்தப்ப நீ எங்க இருந்த?

– எங்க இருப்பேன். உன் கொல்லையில தான் குனிஞ்சிகினு இருந்தேன். கூடை கூடையா சருகு கொறையுது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பின்னாடியே வந்து பாத்தேன். நானும் கைய வுட்டுப் பாத்துட்டுத் தான் மிச்சத்தையும் பரப்பினேன்.

– அப்ப காத்தாலருந்து இன்னாத்துக்குமே என் உசிர வாங்கின?

– கேக்காம எடுத்தல்ல.

– நாளைக்கி துரை வருவானே... இன்னா சொல்றது அவனுக்கு?

– வர மாட்டான். வண்டியும் வோணாம், வேலையும் வோணாம்னு நேத்தே சொல்லி அனுப்பிட்டேன். கட்டின மூட்டையை அவுத்து, பானையை அடுப்பு மேல வச்சிட்டுத் தான்யா வந்தேன். எரிக்கத்தான் ஒண்ணும் இல்ல. ஓடிப்போயி ஆபிரகாமண்ணன் வூட்டுல ரெண்டு வெறகு கேட்டு வாங்கிகினு வா, பசிக்குது.