ராகிக்குள் வைத்த டிஸ்க்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பிரிண்டரில் தாள் சிக்குவதற்குப் பிரிண்டர் காரணமில்லை, ஐயா. இந்த மலையின் ஈரம்தான் காரணம். கட்டைப் பிரித்து வெளியே வைத்தால் தாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். நான் சொல்வதையெல்லாம் அச்செடுக்க வேண்டியிருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் கதிரேசன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்த கடைதான் அம்சவேணி அம்மாவின் போட்டோ ஸ்டுடியோ.

போட்டோ தொழில், மலைக்குக் கீழே சமவெளியில் நடப்பதுபோல் இங்கே நடக்காது. அங்கே கல்யாணம் முடிந்த கையோடு ஆல்பம் கேட்டு நச்சரிப்பார்கள். இங்கே படம் எடுத்ததும் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். மிளகு பறித்து, காயவைத்து, விற்ற பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு படம் பொறுக்க வருவார்கள். சிலர் கைக்குழந்தையோடு வருவார்கள். அதுவரை மலையில் நடந்த அத்தனை கல்யாணமும் அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் கிடக்கும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர் நன்றாகத் தூங்குவார்.

போன மழைக்காலத்தில் இடி விழுந்து எதிர் மளிகைக் கடையின் கம்ப்யூட்டர் புகைந்துபோனது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்து, ஏதாவது வழி சொல்லுங்கள் அண்ணா என்று என்னிடம் வந்தார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஐயா. இந்த ஊரில் என்னிடம் அறிவுபூர்வமாக யாரும் எதையும் கேட்டதில்லை. ரீசார்ஜ் செய்வீர்களா என்றுதான் கேட்பார்கள்.

உட்காரவைத்து விளக்கினேன். எதையும் மூன்று பிரதியாக வைக்க வேண்டும், இரண்டு வெவ்வேறு கருவிகளில் வைக்க வேண்டும், ஒன்று மலைக்கு வெளியே இணையத்தில் இருக்க வேண்டும். அவ்வப்போது எடுத்துத் திறந்து சோதிக்கவும் வேண்டும். இதையே நான் பேசிப் பதிவுசெய்த நீண்ட வீடியோ ஒன்றும் இருக்கிறது. அதையும் போட்டுக் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இங்கே இருக்கிற சிக்னலுக்கு ஒரு கல்யாணம் மேலே ஏற எத்தனை நாளாகும் என்றார். மூடுபனி இல்லாமல், கரண்டும் போகாமல் இருந்தால் ஒரு வாரம் என்றேன்.

"அதுக்குள்ள அவிங்களுக்குக் கொழந்தையே பொறந்துருமுங்களே அண்ணா" என்றார்.

என் கடை வாசலில் இருக்கும் டீக்கடையே சிரித்தது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இதே மலையில், திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் அவர் அம்மா வீட்டில் ராகி கொட்டிவைக்கும் குதிர் ஒன்று இருக்கிறது. எல்லாப் படங்களையும் இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அந்த ராகிக்குள் புதைத்துவிட்டார். ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் டப்பாவைத் தோண்டி எடுத்து, புதிய படங்களை ஏற்றி, பழையதைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுபடி புதைப்பார். ராகி வருஷக்கணக்கில் பூச்சி அரிக்காமல் கிடக்கிறதே, இந்தப் பெட்டிக்கு என்ன கேடு என்று அவர் கேட்டார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், உரக்கடைக்காரரும் ஜெராக்ஸ் கடை அருணாசலமும் அதே வழிக்குப் போனார்கள். பென் டிரைவை ராகியில் போட்டார்கள், ராகி இல்லாதவர்கள் சாமையில் போட்டார்கள். என்னைப் பார்த்தால், உங்கள் வீட்டில் ராகி இருக்கிறதா, நம் வீட்டிலிருந்து கொண்டுவரட்டுமா என்று அக்கறையாக விசாரிப்பார்கள். நான் கோபப்படவில்லை. சோதிக்காத முறையை நம்பக் கூடாது என்பது என் தொழில் தர்மம். அவர்கள் சோதிக்க மறுத்ததால் நான் சோதித்தேன்.

மிளகு விற்று முடிந்து ஆல்பத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்த சமயம், ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். ஃபேனைத் துடைத்தேன். துடைத்த கையோடு உள்ளே இருந்த படங்களையும் துடைத்துவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்றேன். ராகிக்குள் இருப்பதும் செத்திருக்கும் என்று எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் செய்தேன், விளையாட்டாகச் செய்யவில்லை.

அந்த அம்மா அழவில்லை, பதறவும் இல்லை. அடுத்த பஸ்ஸில் போய் டப்பாவை எடுத்து வந்து, துணி மடிப்பில் ஒட்டியிருந்த ராகியை ஊதிவிட்டு, டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். "பாத்து ஏத்திக் குடுங்கண்ணா, ஆளுங்க காத்திருக்கறாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போய்விட்டார்.

செருகினேன். திறந்தது. அத்தனை கல்யாணமும் இருந்தது, ஐயா. ஒரு படம்கூடக் கெடவில்லை. ராகி முறை வேலை செய்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அப்போது தெரியும்.

அந்த டிஸ்க்கையும் நான்தான் அழித்தேன். அழித்தால் மட்டும் போதாது, மேலே வேறு எதையாவது எழுதி நிரப்பினால்தான் மீட்க முடியாது. கைக்கு எட்டியது என் வீடியோதான். அதையே திரும்பத் திரும்ப எழுதி நிரப்பி, பிறகு அதையும் நீக்கினேன். அம்சவேணி அம்மா டிஸ்க்கைச் சேலத்துக்குக் கொண்டுபோவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே மீட்டுப் பார்த்தவருக்கு அடிமட்டம் வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேனாம். நல்ல வேலைக்காரர், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

போட்டியா, பொறாமையா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அழிப்பதற்கு முன், டிஸ்க்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாயி என்ற பெண் கடைக்குள் வந்தாள். போன வருஷம் கல்யாணமானவள். புருஷன் கருப்பண்ணன் இந்த மிளகுப் பறிப்பில்தான் கொடி ஏறிய சவுக்கு மரத்திலிருந்து விழுந்து செத்தான். சொந்தக்காரர்களின் செல்போன்களிலெல்லாம் தேடிவிட்டாள். ஸ்டுடியோ ஆள் இருக்கும்போது நாம் எதற்கு எடுப்பது என்று கல்யாணத்தன்று எல்லோரும் பந்திக்குப் போயிருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இருப்பது அவனே இல்லை என்பாள். அது எல்லோருக்கும் பொருந்தும்.

என் திரையின் முதுகு அவள் பக்கம் இருந்தது. என் பக்கத்தில் கருப்பண்ணன் இருந்தான். மாலை மூக்கில் உரசி அவன் தும்முகிறான், பக்கத்தில் இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நல்ல வெளிச்சம். அம்சவேணி அம்மாவுக்குப் படம் எடுக்கத் தெரியும்.

"அவரு படம் இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

வெளியே டீக்கடையில் எல்லோரும் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு முழுக்க ராகியைப் பற்றித்தான் பேச்சாக இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா. ராகிச் சூட்டுல எல்லாம் போயிருச்சு" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு போதுங்கண்ணா. மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

இல்லை என்றேன். அம்சவேணி அக்காவை யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அவர் என்ன செய்வார் என்றாள். எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, ஒரு பொட்டலம் மிளகை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் பஸ் ஸ்டாண்டை அடையும் வரை படம் திரையில்தான் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால், இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் படம் அங்கேயே இருந்தால், புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் நான் பொய் சொன்னவனாகிவிடுவேன். அந்தப் பாவம் எனக்கு எதற்கு? அவள் பஸ் ஏறுவதற்குள் அழிக்கத் தொடங்கினேன், சாயங்காலத்துக்குள் முடிந்தது. நான் அவளிடம் சொன்னது இப்போது உண்மை, ஐயா.