மாதத்தில் ஒன்றைக் குறைத்தது தொடர்பாக

என் பெயரும் முகவரியும் படிவத்தின் முதல் பக்கத்தில் உள்ளன. வயது முப்பத்தெட்டு. மொபைல் செயலி எழுதும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. என் மனைவியும் அங்கேதான், பக்கத்து இருக்கை. போனில் தெரியும் பக்கம் என் வேலை, தகவலைச் சேர்த்து அனுப்பும் சர்வர் பக்கம் அவள் வேலை.

முதியோருக்காக நாங்கள் எழுதிவரும் செயலியில் அவர்கள் தினமும் காலையில் 'நலம்' என்ற பட்டனைத் தொட்டால், அந்தத் தேதி பிள்ளைகளின் போனில் தெரியும். சர்வரிலிருந்து அது எண்களும் கோடுகளுமாக நீளமாக வரும். அதை மனிதர் படிக்கும் தேதியாக மாற்றுவது என் பொறுப்பு. நாங்கள் எழுதும் கணினி மொழியில் ஜனவரி பூஜ்யம், பிப்ரவரி ஒன்று என்று எண்ணுவதால், சர்வர் அனுப்பும் மாத எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன்.

மே இரண்டாம் தேதி முதலாளி செயலியைத் திறந்தபோது ஜூன் இரண்டு என்று காட்டியது. "சர்வர் பக்கத் தப்பு சார்" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு தவறு என்னுடையது என்று தெரிந்து, சத்தமில்லாமல் ஒன்றைக் குறைத்தேன். இந்த மனிதருக்கு இது எந்த ஜென்மத்திலும் விளங்காது என்று அவளும் அன்றே சர்வரில் ஒன்றைக் குறைத்திருக்கிறாள். சோதித்துப் பார்க்க வேண்டியவர்களும் நாங்கள் இருவரே.

எங்களோடு வசிக்கும் மாமியாரின் போனிலும், வெளியூரில் இருக்கும் மைத்துனரின் போனிலும் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தோம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேலை பார்க்க என்னால முடியாது" என்று தன் மகளிடம், அதாவது என் மனைவியிடம், சொல்லிவிட்டு எட்டாம் தேதி மாமியார் தங்கை வீட்டுக்குப் போனதைப் பின்னர்தான் அறிந்தேன். குளியலறையில் அவருடைய பல் பிரஷ் இல்லாததைக் கவனித்தேன். ஆனால் கேட்க ஆள் இல்லை.

பதின்மூன்றாம் தேதி மைத்துனர் முதல்முறையாகச் செயலியைத் திறந்தபோது, அம்மா கடைசியாக நலமாக இருந்தது ஏப்ரல் பதின்மூன்று என்று காட்டியது. மாமியார் போனில் மணிச் சத்தத்தை எப்போதும் அணைத்தே வைப்பவர். மனைவியின் போன் வேலை நேரத்தில் மேசை இழுப்பறையில் இருக்கும். இருவரும் எடுக்காததால் மைத்துனர் என்னை அழைத்தார்.

"மாப்பிள்ளை, அம்மா எங்க?"

"தெரியலையே மச்சான்."

"தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"அவ எங்கூட பேசறதில்ல."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் சேர்த்துக் கேட்டால் எனக்கே என்மேல் சந்தேகம் வரும். அவர் நேராகக் காவல் நிலையம் வந்து, நான் மாமியாரை ஏதோ செய்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். நண்பகலில் உதவி ஆய்வாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்பது பேர் முன்னால் என்னை விசாரித்தார். நான்கு நிமிடம் எனக்கு வியர்த்துக் கொட்டிய பிறகு, என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா சித்தி வீட்ல இருக்காங்க" என்றாள். அந்த நான்கு நிமிடம் பற்றி எனக்குப் புகார் இல்லை.

ஏப்ரல் எப்படி வந்தது என்று கேட்டபோதுதான் இருவரும் குறைத்தது வெளியே வந்தது. "யாராவது ஒருத்தர் எடுத்துடுங்க, அவ்வளவுதான்" என்றார் உதவி ஆய்வாளர். இருவரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினோம். அதன் பிறகு நான் பெருந்தன்மையாக என்னுடையதை எடுத்துவிட்டேன். அவளும் பெருந்தன்மையாக அவளுடையதை எடுத்துவிட்டாள்.

இன்று பதினைந்தாம் தேதி செயலி ஜூன் பதினைந்து என்று காட்டியது. "அடுத்த மாசத்துக்கும் சேர்த்து இப்பவே தட்டி வெச்சிருக்காரு சார்! எங்கம்மாவ என்னவோ பண்ணப் போறாரு!" என்று மைத்துனர் மறுபடி புகார் கொடுத்தார். உதவி ஆய்வாளர் எங்கள் இருவரையும் வரவழைத்து ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, பேசி முடிக்கும்வரை வெளியே விடமாட்டேன் என்றார்.

நான், "அன்னிக்கு முதலாளி முன்னாடி சொன்னது பொய். தப்பு என் பக்கம்தான். இப்ப நீ குறைக்கிறியா, நான் குறைக்கட்டுமா?" என்று கேட்டேன். பதின்மூன்று நாட்களில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

"நீங்களே குறைங்க. நான் பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்து குறைத்தேன். அவள் என் தோளில் கை ஊன்றித் திரையைப் பார்த்து, "சரி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் எழுத மறுத்தார். நான் வற்புறுத்தியதால் எழுதப்பட்டது.

இதுவரை உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னதுதான், யாவும் உண்மை. கையெழுத்து நான் போடுகிறேன். தேதியை மட்டும் என் மனைவி போடுவாள்.

(ஒப்பம்)