பம்புத் தொட்டிக்குள் விட்ட கயிறு

மாலை ஆறே முக்கால் மணி. இரண்டு கிலோமீட்டருக்கு விளக்கே இல்லாத சாலை... அது முடியும் இடத்தில் ஒரே ஒரு வீடு. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் தோழியின் அப்பாவுக்கு நடந்தது. அவர் பம்பு மெக்கானிக். கூட வேலை செய்பவன் அவருடைய மச்சான், தோழியின் தாய்மாமன்.

"என் தம்பியப் பத்திரமா கூட்டிட்டு வாங்க. நீங்க எப்படியும் வந்துடுவீங்க" என்று தோழியின் அம்மா தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்.

அந்த வீட்டில் செப்டிக் டேங்கை ஒட்டி இன்னொரு தொட்டி. கழிவுநீர் அதில் வந்து சேரும். உள்ளே மூழ்கிக் கிடக்கும் பம்பு அதை வெளியே தள்ளும். பம்பு நின்றுபோய், அலாரம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினார்கள். மூடியைத் திறந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம்... பம்பைக் கயிற்றில் மாட்டி மேலே இழுத்துத்தான் கழுவ வேண்டும். உள்ளே இறங்கவே கூடாது, விஷவாயு. மூடியைத் திறந்து போட்டுவிட்டு நகரவும் கூடாது.

அன்று அவர் நகர்ந்தார். கயிறு வண்டியில் இருந்தது. இருபது அடி தூரம்தான்.

திரும்பி வந்தால் மச்சானைக் காணோம். டார்ச் மட்டும் விளிம்பில் எரிந்தபடி...

"அத்தான்." தொட்டிக்குள்ளிருந்து. "அத்தான்... கயித்தப் போடுங்க."

வீசினார். கீழே யாரோ கயிற்றைப் பிடித்தது தெரிந்தது. கனத்தது. சளக்... சளக்... குதிகாலை ஊன்றி இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாதி தூரம் வந்திருக்கும்.

"யாரத் தூக்குறீங்க, அத்தான்?"

பின்னால், வீட்டு மூலையில், மச்சான். கை கழுவப் போயிருந்தானாம். சோப்பு வாசனை வந்தது.

"விட்டுடாதீங்க அத்தான்." கீழேயும் அதே குரல். மூச்சு வாங்கியது. "அது நான் இல்ல."

பின்னால் இருந்தவன் நெருங்கி வந்து தோளைத் தொட்டான். "அத விடுங்க. வீட்டுக்குப் போலாம். அக்கா தேடும்."

அக்கா என்றதும் அவருடைய விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கயிறு சரசரவென்று ஓடியது. தொப். பிறகு சத்தமே இல்லை... தோளைத் தொட்டவனே குனிந்து, மூடியைப் போட்டு, போல்ட்டை முறுக்கினான்.

மாமன் இன்றும் தோழியின் வீட்டில்தான் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், எல்லோரையும் கேலி செய்கிறார். அப்பாதான் ராத்திரியில் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார்.

நாற்றம் தாங்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் இன்னும் போன் செய்கிறார். மாமன்தான் எடுத்துப் பேசுகிறார், மெதுவாக, அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"வேற ஆளக் கூப்பிடாதீங்க சார். அந்த மூடிய மட்டும் யாரும் தொறக்க வேணாம்."