தந்திக்குப் பின்னிய கையுறை

இந்த மின்விசிறி கிரீச்சிடுகிறது, ஐயா. மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். எங்கள் இல்லத்தில் இந்த மாதிரிச் சத்தம் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் நானே வைத்தியம் பார்த்துவிடுவேன்.

முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். மூடி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம் அது. எட்டுப் பேர். எல்லாரும் வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் எனக்கு வாயில் பிள்ளைகள் என்றுதான் வரும். பேச்சு வருகிறவர்கள் என்னை அம்மா என்பார்கள். வராதவர்கள் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பாசம். அவர்களில் ஒருவர் மேலும் நான் கை ஓங்கியதில்லை. எங்கள் சமையல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் பொய் வராது.

என் பயத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. இதற்கு முன் வேறொரு இல்லத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பெண் சில நாளாக விடாமல் அலறினாள். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். "உள்ள வச்சு அடிக்கிறீங்களா?" என்று கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். யாரும் அடிக்கவில்லை, அவளுக்குப் பல்வலி. ஆனால் நாங்கள் சொன்னது யார் காதில் ஏறியது? இல்லத்தை மூடிவிட்டார்கள். பிள்ளைகளை மூலைக்கு ஒருவராகப் பிரித்து வேனில் ஏற்றினார்கள். அவர்கள் போட்ட கூச்சல் தெருமுனை திரும்பும் வரை கேட்டது. அன்றிலிருந்து சத்தம் என்றாலே எனக்குப் பயம். இனிமேல் என் பொறுப்பில் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

தந்தி என்று பிறகு நாங்கள் கூப்பிட்டவனை அவனுடைய அக்காதான் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா தையல் வேலை செய்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசிப்புள்ளி. என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவனுக்குப் பேச வராதும்மா. வலிச்சா சுவத்துல தட்டுவான். பசிக்குத் தட்ட மாட்டான், கோவத்துக்குத் தட்ட மாட்டான். வலிக்கு மட்டும்தான். தட்டினா உடனே என்னன்னு பாத்துருங்கம்மா."

"நீ கவலைப்படாம போ. என் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்" என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். முதல் தடவை தட்டியபோது காதில் சீழ். டாக்டரிடம் காட்டினேன். அடுத்த தடவை செருப்பு கடித்துக் குதிகாலில் புண். அதற்கும் மருந்து போட்டேன். பிறகு வயிறு என்று நினைக்கிறேன், வந்து வந்து போகிற வலி. அவனும் விட்டு விட்டுத் தட்டினான். பழைய காலத்துத் தந்தி ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று சமையல்காரர் சிரித்தார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தட்டியது பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர். அந்த வீட்டுக்காரம்மா ஒருநாள் கேட்டுக்கு வந்து நின்றாள். "உள்ள என்னதான் பண்றீங்க, சதா இடிச்சுக்கிட்டு?" என்றாள். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தி அறை நடுவில் போட்டேன். அவன் கட்டில் சட்டத்தில் தட்டினான். அது இரும்புக் கட்டில், இன்னும் மோசம்.

எனக்குப் பின்னல் வேலை நன்றாக வரும். அவனுக்கு ஒரு ஜோடி கையுறை பின்னினேன். விரல்கள் தனித்தனியாக இல்லாமல் பை மாதிரி, இரண்டு அடுக்குக் கம்பளி, நடுவில் பஞ்சு. நீல நிறத்தில், மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு. போட்டுவிட்ட அன்று அவனே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் பல்லால் இழுக்கத் தொடங்கினான், அதனால் நாடா வைத்து முடிச்சுப் போட்டேன். சாப்பாட்டைச் சமையல்காரர் ஊட்டிவிடுவார். வெயில் நாளில் உள்ளங்கை வேர்த்து வேர்க்குரு வரும், அதற்குப் பவுடர் போட்டுவிடுவேன். ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா. பின்னலில் ஒரு கண்ணி பிசகியிருக்காது.

அக்கா வருகிற நாளில் முன்கூட்டியே கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிடுவோம். அவன் அவள் விரலைப் பிடித்தால் விடவே மாட்டான். அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"தட்டுறானாம்மா?"

"இப்பல்லாம் சத்தமே இல்ல. எங்ககிட்ட வந்ததும் வலியெல்லாம் போயிடுச்சு."

அவள் அழுதுவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி சங்கடமாக இருக்கும்.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். இல்லங்களின் தரத்தைப் பார்வையிடும் குழு காலையில் வருவதாக இருந்தது. வீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அப்போது சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

"அம்மா, தந்தி ஒரு வாய்கூட வாங்கல. கட்டில்ல தட்டிக்கிட்டே இருக்கான்."

"சத்தம் கேக்குதா?"

"கேக்கலம்மா."

"அப்புறம் என்ன?"

அவர் போகாமல் நின்றார். வாசலில் வண்டி வந்து நின்றது. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அவன் அறைக்குப் போனேன். தந்தி முட்டியை வயிற்றோடு சேர்த்துக் கிடந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. இரண்டு நீலக் கையும் சட்டத்தில் விழுந்து விழுந்து எழுந்தன, ஒரு சத்தமும் இல்லை. என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தி, கையை மடிக்குக் கொண்டுவரப் பார்த்தான். முடியவில்லை. அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். கதவை மெல்லச் சாத்தினேன். கீலுக்கு முந்தின நாள்தான் எண்ணெய் விட்டிருந்தேன்.

கூடத்தில் மற்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் அசந்துவிட்டார்கள். "இத்தன பேர் இருக்கற வீடு மாதிரியே தெரியலையே, எவ்வளவு அமைதி" என்றார் ஒருவர். அவர் டாக்டர். நான் கொடுத்த தேநீரை ரசித்துக் குடித்தார். எட்டாவது ஆள் எங்கே என்று கேட்டார். தூங்குகிறான் என்றேன். பாவம், எழுப்பாதீர்கள் என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் கதவைத் திறந்தேன். கைகள் அசையாமல் கிடந்தன. குடல்வால் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னீர்கள்.

பக்கத்து அறையில் யார் தட்டிக்கொண்டே இருப்பது? தட்டச்சா? சரி. நேற்றிலிருந்து கேட்கிறது, அதனால் கேட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று என் வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். சமையல்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. தந்தி எதற்காகத் தட்டுவான் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. வலி என்று தெரிந்தேதான் பின்னினேன். வலி என்று தெரிந்தேதான் அன்று கதவைச் சாத்தினேன். ஒருவனுக்காக மற்ற பிள்ளைகளை வேனில் ஏற்ற விட முடியுமா, ஐயா? எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தேன்.

மேசை மேல் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் கையுறைகள், உங்கள் வேலை முடிந்ததும் யாரையாவது அலசிப் போடச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், கம்பளி சுருங்கிவிடும். இல்லத்தில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.