கான்கூனில் பத்தாவது கல்யாண நாள்

"கான்கூன் பீச்சுக்குப் போயும் அஞ்சு நாள் டின்னருக்கு சாம்பார்தான்டி."

ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரு தோழிகளில், வெயிலில் மூக்கு நுனி உரிந்திருந்தவள் சொன்னாள். ரயில் சுரங்கத்துக்குள் போனது; ஜன்னலில் ஊர் அணைந்து எங்கள் முகங்கள் தெரிந்தன.

"ரிசார்ட்ல எல்லா சாப்பாடும் ஃப்ரீதானே?"

"ஃப்ரீதான். இவர்தான் எடிசன்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் நாலு ஃபேமிலிய கூட்டிட்டு வந்துட்டாரே! தினம் சாயங்காலம் வேன் ஏறி, முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு இண்டியன் ரெஸ்டாரன்ட்."

"வெட்டிங் டே அன்னிக்குமா?"

"அன்னிக்கு எக்ஸ்ட்ராவா கேசரி."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"கடலோரமா நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்து சாப்பிடணும்னு அவர்கிட்ட ஆறு மாசமா சொல்லிட்டிருந்தேன். 'அவங்கள விட்டுட்டுப் போனா என்ன நினைப்பாங்க'ன்னார்."

"அப்புறம்?"

"மறுநாள் தலைவலின்னு ரூம்லயே இருந்துட்டேன். வேன் கிளம்பினதும் லோக்கல் பஸ் பிடிச்சேன். மணல்ல ஒரு கடை, ஒரு டேபிள், ரெண்டு நாற்காலி. பீன்ஸ் டாக்கோ ரெண்டு ப்ளேட் ஆர்டர் பண்ணேன்."

"ரெண்டா? அவரையும் வரச் சொன்னியா?"

"இல்லடி. ரெண்டையும் நானே சாப்பிட்டேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு."