நான் வரைந்த தரைக்கல்

இந்த அறைச் சுவருக்கு இரண்டாவது பூச்சு அடிக்கவே இல்லை சார். முதல் பூச்சு காய்வதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல் ஓரமாகப் பார்த்தால் பழைய பச்சை எட்டிப்பார்ப்பது தெரியும். குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கண் அப்படிப் பழகிவிட்டது.

நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். எழுத்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுத்துக்குப் பின்னால் பளிங்கு வரைவதுதான் என் தனி வேலை. வக்கீல், நகைக்கடைக்காரர், பல் டாக்டர் இவர்களுக்கெல்லாம் பளிங்குக் கல்லில் பெயர் பொறித்த மாதிரி வேண்டும். ஆனால் கல்லையே வாங்கி மாட்ட மனசு வராது. நான் பிளைவுட்டில் வெள்ளை அடித்துக் காயவைப்பேன். சாம்பல் நிறத்தை எண்ணெயில் கரைத்துக் கந்தல் துணியால் ஒற்றுவேன். ஈரம் இருக்கும்போதே வாத்து இறகை நனைத்து ஓர் இழுப்பு. கை கொஞ்சம் நடுங்க வேண்டும் சார். நடுங்காத கைக்குக் கோடுதான் வரும், கல்லின் நரம்பு வராது. பிறகு மெல்லிய தூரிகையால் ஒரு தடவல், அவ்வளவுதான், நரம்பு கல்லுக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் எனக்கு யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பும்.

ஒரு வெயில் நாளில் பல் டாக்டர் வாசலில் தபால்காரர் ஒருவர் என் பலகையில் கன்னத்தை வைத்தபடி நின்றிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கல்லு ஜில்லுனு இருக்கு தம்பி. நீங்களும் வெச்சுப் பாருங்க."

வெறும் பிளைவுட் சார். நானும் பக்கத்தில் கன்னத்தை வைத்தேன். சத்தியமாக ஜில்லென்றுதான் இருந்தது.

என் வீட்டுக்கு வெளியே ஏமாறாத ஆள் ஒருவர்தான், என் மனைவியின் அண்ணன். மச்சான் அசல் பளிங்கு வியாபாரி. பெற்றோர் போன பிறகு தங்கையைத் தானே வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. என்னை "டூப்பு மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். என் பலகை எங்கே மாட்டினாலும் வந்து நிற்பார். நாலு பேர் சேர்ந்து, "அடேயப்பா, கல்லையே கொண்டாந்து மாட்டிட்டாரு" என்று சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு மோதிர விரலை மடக்கி டொக் டொக் என்று தட்டுவார்.

"மரம்" என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பதினொரு வருஷம் நன்றாகவே சிரித்தோம்.

இந்த வருஷம் அவர் புதுக் கடை கட்டினார். ஒரு நாள் வீட்டுக்கே வந்து, "முகப்புப் பலகையை நீங்களே செய்ங்க மாப்ளே. அசல் கல்லை அவ்ளோ உயரத்துல மாட்டினா சுவரு தாங்காது. அதுக்கு உங்க டூப்பு போதும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல் கடைக்கே கல் வரையக் கூப்பிட்டால் வேறென்ன வேண்டும்? புதுக் கடையின் இரண்டாம் மாடிக் கூடத்தில் பலகையைச் சாய்த்து வைத்து மூன்று வாரம் வேலை செய்தேன். பன்னிரண்டு அடி. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துக்கொண்டேன், சந்தோஷத்தில் உட்காரத் தோன்றவில்லை.

முடிந்த அன்று மச்சான் படியேறி வந்தார். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பத்து எண்ணும் நேரம் இருக்கும். அப்புறம் பக்கத்தில் போய் மோதிர விரலை மடக்கினார். கல் பதிக்கிற ஆட்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள் சார். கோபம் வரவில்லை, ஒரு யோசனை வந்தது. அது வந்ததும் இடுப்பு வலிக்கச் சிரித்தேன். நான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன் என்று நினைத்து மச்சான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தக் கூடத்தின் நடுவில், தரையில் இரண்டரை அடிச் சதுரத்துக்கு ஒரு திறப்பு இருந்தது. கீழே கிடங்கிலிருந்து கல்லைக் கயிறு கட்டித் தூக்குவதற்காக விட்டது. இரண்டு தளத்தையும் துளைத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்குப் போனது. மேலே இரண்டு பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். சுற்றிலும் தரை முழுக்கப் பளிங்கு பதித்தாகிவிட்டது, அந்த ஒரு கல்தான் பாக்கி. "அந்த ஓட்டைய எப்பப்பா அடைப்ப?" என்று மச்சான் தினமும் கொத்தனாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரீட்சை அட்டை செய்வார்களே, அந்த ஹார்ட்போர்டில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். சுற்றியிருந்த கற்களின் நரம்புகளைக் காகிதத்தில் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலு நாள் சார். இடப்பக்கக் கல்லில் ஓடிவரும் நரம்பு என் கல்லுக்குள் நுழைந்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, வலப்பக்கக் கல்லில் போய்ச் சேரும். ஒரு மூலையில் லேசாகச் சிதைந்த மாதிரிகூட வைத்தேன். மூன்று முறை வார்னிஷ் அடித்து மெழுகு போட்டுத் தேய்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உற்சாகமாக நாலு நாள் கழிந்ததில்லை.

ஆட்களுக்கு விடுமுறையான அன்று காலையில் போய், பழைய பலகைகளை எடுத்துவிட்டு என் கல்லைப் பொருத்தினேன். கல் உட்காருவதற்கென்று திறப்பின் ஓரத்தில் விரலளவு படி இருந்தது, அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், எது என் கல் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு மச்சானுக்குப் போன் செய்து, "கொத்தனார் நேத்தே ஓட்டைய அடைச்சிட்டாரு மச்சான், வந்து பாருங்க" என்றேன்.

பத்து மணிக்குத் தங்கையோடு வந்தார். நான் எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எங்களுக்கு நடுவில் அந்தக் கல்.

"எங்க இருந்துச்சு ஓட்டை? அடையாளமே தெரியலையே."

"உங்க காலுக்கு முன்னாடிதான் மச்சான்."

குனிந்து பார்த்தார். "அந்தக் கொத்தனார் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். என் பிழைப்பில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை சார். பாராட்டு கொத்தனார் பேரில் போனால் என்ன, கை என்னுடையதுதானே. சிரிப்பை அடக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கையின் கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்கங்க டூப்பு மாப்ளே. இதுதான் அசல். இந்த மாதிரி ஒரு நரம்பு உங்க இறகுல வருமா?"

கையால் தட்டிப் பார்த்திருக்கலாம். தட்டவில்லை. அவ்வளவு நம்பிக்கை. குதிகாலை உயர்த்தி, முழு எடையையும் வைத்து ஓங்கி மிதித்தார்.

கீழே என்ன இருந்தது என்று கேட்டீர்கள். கல் கடைக் கிடங்கில் கல்தான் இருக்கும். ஆமாம், வரிசையாக நிறுத்தி அடுக்கியிருந்தார்கள். ஆமாம், எனக்குத் தெரியும். இருபத்தெட்டு அடி, நூல் விட்டு அளந்திருக்கிறேன். மச்சானைக் கொன்றது நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை, எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள்.

நீங்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆமாம், மனைவியையும் நான்தான் வரச் சொன்னேன். ஆமாம், அண்ணன் கொத்தனாரைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே அவள்தான் அவரைத் தாண்டி, என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தாள். "நீ இரும்மா, நான் மிதிச்சுக் காட்டறேன்" என்று அவர் அவள் கையைப் பிடித்து இழுக்கும்வரை நான் எதுவும் சொல்லவில்லை.

சொல்லியிருப்பேன் சார். நேரம் இருந்தது. ஆனால் என் கையை அவளைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வண்ணம் குழைத்துத் தருகிறவள். ஓடுகிற பஸ்ஸில் இருந்தே எந்தப் பலகை என்னுடையது, எது அடுத்த தெருக்காரருடையது என்று சொல்லிவிடுவாள். அண்ணனாவது தட்டித்தான் கண்டுபிடிப்பார், அவளுக்குப் பார்த்தாலே போதும். அன்றும் கண்டுபிடித்து நின்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நின்றிருந்தால் விளையாட்டு அத்தோடு முடிந்திருக்கும். அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டுக் காலைத் தூக்கினாள். அவள்மேல் நான் உயிரையே வைத்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கால் அந்தரத்தில் இருந்த நேரத்தில் என் நெஞ்சு நிறைந்த மாதிரி, எங்கள் கல்யாணத்தன்றுகூட நிறையவில்லை சார்.